நல்லா இருக்கிறவர் ஒருத்தர் வேணும்

நான் அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆளாகத்தான் போனேன். போன இடத்தில் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

என் பெயர் தணிகாசலம். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்சி, எது புகைந்துபோனாலும் என்னிடம்தான் வரும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறை என் அண்ணனுக்குத்தான். வேலாயுதம் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சில வருஷங்களாக அவருக்கு மறதி நோய். டிமென்ஷியா என்கிறார்கள். கடைக்குப் போய் வாங்க வேண்டியதை மறந்துவிட்டு வருவது எல்லோருக்கும் நடப்பது. இது அது இல்லை. வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இத்த இன்னா செய்யணும்?” என்று அண்ணியைக் கேட்பார். என் சட்டைப் பையில் டெஸ்டர் இருப்பதைப் பார்த்தால் கரண்ட் ஆபீஸ்காரன் என்று நினைத்து மீட்டர் பெட்டியைக் காட்டுவார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும், போனது திரும்பாது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்று அவரைப் பார்க்கிற டாக்டரம்மா எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

சென்னை போகிற சாலையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு வைத்தியம். அங்கேயே மறதியைப் பற்றி ஆராய்ச்சியும் நடக்கிறது. மறதி வந்தவரையும் அதே குடும்பத்தில் மறதி வராதவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஆரம்பத்தில் எது எப்படி மாறுகிறது என்று பிடிக்கலாமாம். நிவேதா என்று ஒரு பெண். உளவியல் நிபுணர், ஞாபக சக்தியைச் சோதிப்பதுதான் அவளுடைய வேலை. ஒருநாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், நல்லா இருக்கிறவர் ஒருத்தர் வேணும். கூடப் பொறந்தவரா இருந்தா ரொம்ப நல்லது. கொஞ்சம் கேள்வி கேட்போம், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுப்போம். மருந்து எதுவும் தரமாட்டோம். பிடிக்கலைன்னா பாதியிலயே எழுந்து போயிடலாம்.”

உடனே சரி என்றேன். ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும் என்ற பெரிய மனசு என்று என் மனைவி சுந்தரி நினைத்துக்கொண்டாள். உண்மை வேறு. சில வாரங்களாகவே எனக்குள் ஒரு பயம் இருந்தது. நடந்து போகும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிடும். அது எனக்குத் தெரியவே தெரியாது, பின்னால் வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். காலையில் மண்டை கனக்கும். ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தலைகீழாகச் சுற்றி வைத்துவிட்டு, அது ஏன் எதிர்ப்பக்கம் சுழல்கிறது என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்கிற வேலை. அண்ணன் போன வழியில்தான் நானும் போகிறேனா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. பரீட்சை என்று வந்தால் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால் நிம்மதி என்று கணக்குப் போட்டேன்.

பரீட்சை ஒரு சின்ன அறையில் நடந்தது. நிவேதா ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். அதிலெல்லாம் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு, “ஒரு நிமிஷத்துல எவ்ளோ மிருகம், பறவை பேரு சொல்ல முடியுமோ சொல்லுங்க அங்கிள்” என்றாள்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் சாமி தூக்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். மீசை முளைத்த காலத்திலிருந்து தூக்குகிறேன். திருவிழாவில் சாமி எந்தெந்த நாள் எந்த வாகனத்தில் வருவார் என்பது எங்களுக்கு யோசித்துச் சொல்கிற சமாச்சாரமே இல்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்தேன். சிம்மம், அன்னம், கருடன், அனுமார் குரங்கு, நாகம், யாளி, யானை, குதிரை. பெருமாள் கோயில் முடிந்ததும் ஈசுவரன் கோயிலுக்குப் போனேன், ரிஷபம். அப்புறம் முருகனுக்கு மயில், சேவல், ஆட்டுக்கடா. பிள்ளையாருக்குப் பெருச்சாளி. பைரவருக்கு நாய், சனீஸ்வரனுக்குக் காக்கா, எமனுக்கு எருமை. வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

“யாளின்னா இன்னா அங்கிள்? அது மிருகம்தானா?” என்று எழுதுவதை நிறுத்திக் கேட்டாள்.

“சிங்கத்துக்குத் தும்பிக்கை வச்சா யாளிமா.”

அவள் சிரித்துவிட்டு, இந்த அறையில் இவ்வளவு பெயரை யாரும் சொன்னதில்லை என்றாள். மொத்தத்தில் தேறிவிட்டேன். எனக்கு அழுகையே வந்தது. வெளியே வந்து சுந்தரியிடம், “எனக்கு ஒண்ணும் இல்லடி, மூளை கல்லு மாரி இருக்குதாம்” என்றேன். “கல்லு மாரி இருக்கிறது எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள் அவள்.

ஸ்கேனுக்கு உள்ளே போகும்போது சந்தோஷமாகத்தான் போனேன். ஸ்டென்ட் வைத்ததற்கான அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று படுக்க வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் படம் எடுப்பது. வலிக்காது, சத்தம்தான் காதைக் குடையும். பேரிங் போன மோட்டாரை ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நான் அது எந்த ஹெச்.பி. மோட்டாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். நடுவில் சத்தம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். வெளியே எடுத்ததும் எழுந்து நிற்க விடவில்லை, சக்கர நாற்காலி வந்தது. என்னைப் பார்த்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நிவேதா அப்போது சிரிக்கவில்லை.

டாக்டரம்மா வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணனைப் பார்க்கிற அதே டாக்டர்தான்.

“ஐயா, உங்க அண்ணனுக்கு இருக்கிறது உங்களுக்கு இல்லை. ஆனா வேற ஒண்ணு இருக்குது. இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போக வேணாம்.”

முதல் வாக்கியத்துக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. சுந்தரிதான் கேட்டுக்கொண்டாள். அவர் இரண்டாவது முறை நிதானமாகச் சொன்னது இது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெல்லிய ரத்தக் குழாய்கள் உண்டு. வயதாக ஆக மூளை லேசாகச் சுருங்குவதால் அவை இழுபட்டு நிற்கும். அப்போது தலையில் ஒரு சின்ன இடி பட்டாலும் ஒன்று அறுந்து ரத்தம் கசியும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு லேசில் நிற்காது. ஒரே நாளில் தெரியாது; வாரக்கணக்கில் ஊறி, தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்தும். எனக்கு வலப்பக்கம் தேங்கியிருந்தது, அதனால்தான் இடது கை கால் மந்தம்.

“மறதி, தடுமாற்றம், எல்லாம் இதனாலயும் வரும். வெளியில இருந்து பாத்தா உங்க அண்ணனுக்கு வந்தது மாதிரியே இருக்கும். ஆனா இதை எடுத்துடலாம்” என்றார். “தலையில அடி எதுவும் பட்டுதா?”

“இல்லீங்க” என்றேன் நான்.

“இன்னாங்க இல்லைன்றீங்க?” என்று சுந்தரி குறுக்கே வந்தாள். “வைகாசித் திருவிழாவுல தண்டு இடிச்சுதே! காதுக்கு மேல கொழுக்கட்டை மாரி வீங்கிக்கினு இருந்துதே, நான்தானே மஞ்சப் பத்து போட்டேன்!”

நான் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். சாமியைத் தூக்குகிற நீண்ட மரத்தைத் தண்டு என்போம். தெருமுனையில் திரும்பும்போது முன்னால் இருந்தவர் தோள் மாற்ற, தண்டு இறங்கி என் தலையில் இடித்தது. சாமி தோளில் இருக்கும்போது ஆ என்று கூடச் சொல்ல மாட்டோம். வீக்கம் வடிந்தது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் தசரதன் இளநீரோடு வந்தார். எங்கள் தூக்குகிற கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி மாதிரி, யார் எங்கே நிற்பது என்று நிறுத்துகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

“தணிகா, ஆனி மாசத்துலயே உன்ன நடுவுல விட்டுட்டோம்பா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூக்குகிறவருக்கு வயதாகித் தெம்பு குறைந்தால் அவரிடம் வராதே என்று சொல்ல மாட்டோம். தண்டின் நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் உயரமான ஆட்களை விட்டுவிடுவோம். தண்டு அவர் தோளைத் தொட்டும் தொடாமலும் போகும். அவர் தூக்குவதாக நினைத்துக்கொண்டே நடப்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். நானே எத்தனையோ பெரியவர்களுக்கு முன்னால் நின்று சுமையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அதைச் செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

“இடது காலு இழுத்துக்கினு போச்சு. சாமி ஒரு பக்கமா சாயறாரு. வயசாயிடுச்சுன்னு நெனச்சோம்பா.”

“வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே.”

“எப்டிப்பா சொல்றது? எங்கப்பாவ நடுவுல வுட்டப்ப கூட யாரும் அவருகிட்ட சொல்லல.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மரியாதைக்காகச் செய்ததுதான். ஆனால் அந்த மரியாதையில் என் தலைக்குள் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது யார் கண்ணுக்கும் படாமல் போனது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, கால் இழுத்த நாளைத் தசரதனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். கூடவே என் மிருகப் பட்டியலைப் பற்றியும் சொன்னார். மனசுக்குள் தேடித் தேடி எடுக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியாம். “நீங்க தேடவே இல்லீங்கய்யா, மனப்பாடமா ஊர்வலம் போயிட்டீங்க” என்றார். எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

மாத்திரையின் வேகம் ரத்தத்தில் குறைய வேண்டும் என்று ஆபரேஷனுக்குச் சில நாள் காக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு அதில் போய்விட்டது; மிச்சத்தைச் சுந்தரி பார்த்துக்கொண்டாள், என் காதுக்கு வரவிடவில்லை. கடைக்கு வந்து பார்த்துவிட்டு போன் செய்கிறவர்களுக்கும் அவளே பதில் சொன்னாள். “அவரு மண்டையிலயே காயில் கட்டப் போறாங்க, வர நாளாவும். மோட்டார வச்சுட்டுப் போங்க.” இப்படிப் பேசுகிறவள், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் இடது கையை எடுத்து மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருப்பாள். நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன்.

வேளைக்கு ஒரு டாக்டர் வந்து, இது எந்த ஊர், என்ன மாசம், பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்பார். மயக்கம் கூடுகிறதா என்று பார்ப்பதற்கு. தெரிந்த பதிலையே சொல்லும்போதும் பயமாக இருக்கும். ஒருநாள் ஆடி மாசத்துக்குப் பதில் ஆனி என்று சொல்லிவிட்டேன். சுந்தரியின் முகம் போன போக்கைப் பார்த்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. அண்ணனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து எத்தனை தடவை இப்படிக் கேட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் என்றால் மண்டையைப் பிளப்பது என்று பயந்திருந்தேன். அப்படி இல்லை. மண்டை ஓட்டில் சின்னதாக இரண்டு துளை போட்டு, தேங்கியதைக் கழுவி வெளியே எடுத்து, மிச்சம் வடிவதற்கு ஒரு குழாய் வைத்துப் பையில் விடுகிறார்கள். மயக்க மருந்து கொடுக்குமுன், எழுந்திருக்கும்போது நான் நானாகத்தான் இருப்பேனா என்று கேட்டேன். அறுவை டாக்டர் ரொம்பப் பேசாத மனிதர். “இப்ப இருக்கிறதைவிட நல்லா இருப்பீங்க” என்றார்.

சொன்னபடியே ஆனது. பையில் வடிந்தது பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் இருந்தது. இதையா தலைக்குள் வைத்துக்கொண்டு காயில் சுற்றினோம் என்று இருந்தது. சில நாள் தலையைத் தூக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், அது ஒரு தொல்லை. ஆனால் மண்டைக் கனம் விலகிவிட்டது. இடது கை ஸ்பூனைப் பிடித்தது. மறந்துபோயிருந்த அந்தத் தண்டு இடி, தெருமுனை, யார் முன்னால் நின்றார்கள் என்பது உட்பட எனக்குத் திரும்ப வந்தது. சுந்தரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாக நிவேதா வந்து சொன்னாள். நல்லா இருக்கிறவர்கள் வரிசையில் இனி என்னைச் சேர்க்க முடியாதாம். “முன்னாடியே நான் அதுல சேத்தி இல்லையேமா” என்றேன்.

குழாயை எடுத்த பிறகு ஒருநாள், அண்ணனைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்த அண்ணி, அப்படியே அவரோடு வார்டுக்கும் வந்தார். அண்ணன் வழக்கம்போல யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி வாசலிலேயே நின்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். வலப்பக்கம் மழித்திருந்தது, தையல் தெரிந்தது. விடுவிடு என்று கட்டிலருகே வந்தார்.

“யாருடா அடிச்சான் உன்ன?”

அண்ணன் என்னை ‘டா’ போட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

“யாரும் அடிக்கலண்ணே. இடிச்சுக்கினேன்.”

“பொய் சொல்லாத. காட்டு அவன.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வார்டைச் சுற்றிப் பார்த்தார். என் பெயர் அவருக்கு வரவில்லை. நான் தம்பி என்று கூடச் சொல்லவில்லை. ஆனால் அடித்தவனைத் தேடினார். நான் அழுதேன். அதைப் பார்த்து அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. அண்ணி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணன் கொஞ்சம் அடங்கியதும் அண்ணி என் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்.

“தம்பி, உங்கண்ணனுக்கும் உள்ள இந்த மாரி ரத்தம் எதுனா கட்டிக்கினு இருக்குமோ? நீ இப்ப எப்டி தெளிஞ்சுட்டே பாரு. ஒரு தடவ ஓட்டை போட்டுப் பாக்கச் சொல்லேன்பா. என்னால அந்தம்மாகிட்ட கேக்க முடியல.”

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். சாயந்தரம் டாக்டரம்மா வந்தபோது கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. எங்கள் இருவர் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் படத்தில் ஓரமாக ஒரு வாழைக்காய் மாதிரி பட்டையாக ரத்தம் தெரிந்தது. அண்ணன் படத்தில் அது இல்லை. நடுவில் வெறும் இடைவெளிகள்தான் பெரிது பெரிதாக இருந்தன. “அவருக்கு எடுக்கறதுக்கு உள்ள எதுவும் இல்லீங்கய்யா” என்றார்.

அன்றைக்கு எனக்கு நான் பிழைத்ததற்குச் சந்தோஷப்படவே கூச்சமாக இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தோம். ஒருவனுக்குத் திரும்பி வர வழி இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. மறுநாள் அண்ணிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“சரிப்பா. கேக்காம வுட்டுட்டோமேன்னு நாளைக்குத் தோணக் கூடாதில்ல. நீ ஒடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர்கள் திடீரென்று தடுமாறினால், ஒரு கால் இழுத்தால், வாரக்கணக்கில் மறதி கூடிக்கொண்டே போனால், வயது என்று விட்டுவிடாதீர்கள். எப்போதாவது தலையில் இடித்துக்கொண்டார்களா என்று அவர்களிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை, கூட இருப்பவர்களிடமும் கேளுங்கள். மரியாதை பார்த்துக்கொண்டு யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். தசரதன் இப்போது யாருக்காவது கால் தடுமாறினால், நடுவில் விடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். நான் இனிச் சாமி தூக்கவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். சாமிக்கு முன்னால் சும்மா நடந்து போகிறேன்.

முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. அதற்கப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு தடவை போனேன், அப்போதும் அப்படித்தான். அடுத்த முறை முடி வெட்டப் போனபோது, வலப்பக்கம் மட்டும் தோல் தெரிய ஒட்ட வெட்டச் சொன்னேன்.

“அசிங்கமா இருக்கும்ணே, தழும்பு பளிச்சுனு தெரியும்” என்றார் சலூன்காரர்.

“தெரியட்டும்பா.”

இப்போது மாசம் தவறாமல் அப்படித்தான் வெட்டிக்கொள்கிறேன். வெட்டிய கையோடு அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவர் என்னைப் பார்ப்பார், தலையைப் பார்ப்பார், உடனே எழுந்துவிடுவார். “யாருடா அடிச்சான் உன்ன? வா, காட்டு அவன.” நான் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டேன். “வாண்ணே, காட்டறேன்” என்று கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவேன். அடித்தவன் தப்பிவிடக் கூடாது என்று அவர் வேகமாக நடப்பார். என் கையை மட்டும் விடமாட்டார்.